ஐந்தரை மணித்தியாலம்

தரம் எட்டு மாணவர்களுக்கு வேகம், தூரம், நேரம் படிப்பிக்கும்போது புத்தகத்தில் வருகின்ற புகையிரதக் கணக்குகளை நான் அதிகம் செய்விப்பதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் புகையிரதத்தில் ஏறியவர்கள் குறைவு. கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்குத் தெற்கே தண்டவாளமே கிடையாது. ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வாசலை அநேகமான பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். உம்மாவையோ வாப்பாவையோ வழியனுப்ப வேன் பிடித்துப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டு வந்தவர்கள். ஆகவே நான் கரும்பலகையில் எழுதுவது வேறு கணக்கு. கொழும்பிலிருந்து றியாதுக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் எத்தனை மணித்தியாலம்?

நாலரைக்குச் சற்றுக் குறைவு என்று விடை வரும். உண்மையில் போவதற்கு ஐந்து, ஐந்தரை மணித்தியாலம் எடுக்கும். விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை, வான்பாதை நேர்கோடு இல்லை, மேற்கே போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுவதால் அரை மணித்தியாலம் மிச்சம் என்றெல்லாம் விளங்கப்படுத்துவேன். பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைக் கொண்டு வருவேன். அவர்களுடைய நேரம் எங்களுடையதை விட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே மாலை 6 மணிக்குப் புறப்பட்டால் அங்கே இறங்கும்போது சுவர்க் கடிகாரத்தில் இரவு 9. திரும்பும்போது அங்கே 6 மணிக்குப் புறப்பட்டால் இங்கே நள்ளிரவு தாண்டி 1.30.

ஒரு வருடம் இந்தக் கணக்கைச் செய்து முடித்ததும் பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னது: "அப்ப சேர், போகக்குள்ள மூணு மணித்தியாலம். வரக்குள்ள ஏழரை. போறதுக்குக் கிட்ட, வாறதுக்குத் தூரம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அது கடிகாரத்தின் வித்தியாசம், தூரத்தின் வித்தியாசம் அல்ல என்று திருத்தினேன். கடிகாரம் மனிதன் வைத்த ஏற்பாடுதான் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1996 இல் நேரத்தை முன்னே தள்ளினார்கள். 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நேரத்துக்கு இழுத்தார்கள். றியாத் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் சொன்ன திருத்தம் சரியானது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் உம்மா அப்போது மூன்றாம் வருடமாகச் சவூதியில் இருந்தார் என்பது பாடம் முடிந்து ஓய்வறையில் தேநீர் குடிக்கும்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

இக்கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி சின்னது. ஐந்தரை மணித்தியாலம் என்ற இந்த எண் எதை அளக்கிறது? விமானத்தையா, அதில் வரவேண்டிய மனிதரையா? வெளிநாட்டில் இருக்கின்ற ஒருவர் ஒரு நல்லதுக்கோ கெட்டதுக்கோ வரவில்லையென்றால், "என்ன, அஞ்சு மணித்தியாலந்தானே, மனமிருந்தா வரலாம்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்று யோசிக்கத் தொடங்கி எனக்குப் பல வருடங்களாகின்றன.

முற்காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. அரபுக் கடலில் பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் தூரத்தை மணியால் யாரும் அளக்கவில்லை, பருவத்தால் அளந்தார்கள். பருவம் என்பதற்கான 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் மொன்சூனாக மாறியது. வாடைக்காற்று வந்தால் மேற்கே போகலாம், தென்மேற்குக் காற்று வந்தால் திரும்பலாம், இடையில் எவர் மௌத்தானாலும் காற்று மாறாது. 1344 இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாளில் முடியவேண்டிய பயணம். மாலுமிக்கு வழி பிடிபடாமல் ஒன்பதாம் நாள் எங்கள் தீவில், இன்றைய புத்தளம் பக்கம் வந்து கரைதட்டினார். மாலேயிலிருந்து கொழும்புக்கு இன்று ஒன்றரை மணித்தியாலம். அந்தக் காலத்தில் வராதவரைப் பற்றி அழுதார்கள், துஆச் செய்தார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டு, கடனை அடைத்து, திரும்பி வராதவரைப் போலத்தான் புறப்படுவார். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. விமானத்தில் போகிறவரும் வாசல் வாசலாக ஏறி மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும்.

பயணம் சுருங்கினால் பயணி பயணிதானா என்ற கேள்வியை எங்கள் சட்ட அறிஞர்கள் விமானம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் விடுதி அறையில் என்னோடு இருந்த மௌலவி நண்பர் ஒருவர் இதை எனக்குச் சொல்லித்தந்தார். தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குப் பயணம் எவ்வளவு நீளமாயிருக்க வேண்டும்? ஹனபி மத்ஹபினர் மூன்று நாள் நடைப் பயணம் என்று காலத்தைக் கொண்டு அளந்தார்கள். ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. இன்றைய கணக்கில் எண்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். 1277 இல் வபாத்தான இமாம் நவவி தமது மின்ஹாஜில் ஒரு படி மேலே போகிறார். கடலும் தரையைப் போன்றதே; அத்தனை மைல்களையும் ஒருவர் கடலில் ஒரே மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் அவர் பயணிதான், சுருக்கித் தொழலாம் என்பது அவருடைய சட்டம். ஒரு மணியில் அவ்வளவு தூரம் போகும் கப்பலை அவர் கண்டிருக்க மாட்டார். ஆனாலும் கற்பனை செய்து, அதற்கும் சட்டம் சொல்லி வைத்தார்.

அதற்குக் காரணமும் நண்பர் சொன்னார். பயணிக்குச் சலுகை கொடுத்ததன் நோக்கம் கஷ்டத்தைக் குறைப்பது. ஆனால் கஷ்டத்தை அளக்க முடியாது. பல்லக்கில் போகிற அரசனுக்குக் கஷ்டமில்லை, ஊரிலேயே இருந்து மூட்டை சுமப்பவனுக்குக் கஷ்டம் அதிகம். அரசன் சுருக்கித் தொழலாம், மூட்டை சுமப்பவன் முழுமையாகத் தொழவேண்டும். ஏனென்றால் சட்டத்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும், கஷ்டம் ஆளுக்காள் மாறும், தூரம் மாறாது. ஆகவே சட்டம் கஷ்டத்தில் நிற்காமல் பயணத்தில் நின்றது. அப்போது எனக்கு இது மிக அழகான தர்க்கமாகப் பட்டது. இன்றும் அப்படித்தான். ஆனால் சட்டத்துக்கென்று வைத்த பொது அளவுகோலை எடுத்து ஒரு தனிமனிதரின் நெஞ்சை அளக்கப் போனால் என்ன நடக்கும் என்பதை நான் பிறகு என் வீட்டில்தான் கண்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 2012 இல் எங்கள் ஊர் வியாபாரி ஒருவர் அஸருக்குப் பிறகு மௌத்தானார். மகன் டோஹாவில் நல்ல தொழிலில் இருந்தார். இன்றிரவே புறப்படுகிறேன், வாப்பாவை வைத்திருங்கள் என்று தகவல் வந்தது. ஜனாஸாவைத் தாமதிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. விரைந்து அடக்குவதே முறை. எனினும் நெருங்கிய உரித்தாளர் கிட்டடியில் வந்து சேர்வார் என்றால், உடலில் மாற்றம் ஏற்படும் என்ற பயமும் இல்லையென்றால், எதிர்பார்த்திருப்பதில் குற்றமில்லை என்று மௌலவி சொன்னார். அதுவும் கிதாபில் உள்ளதுதான். சுருக்கித் தொழும் சட்டத்தில் எத்தனை மணியில் போனாலும் தூரம் தூரம்தான். இந்தச் சட்டத்தில் 'கிட்டடி' என்பதை மைலால் அளக்க முடியாது, மணியால்தான் அளக்கவேண்டும். டோஹா 3,600 கிலோமீற்றர். அன்று அது கிட்டடியாக இருந்தது.

விமான நேரங்களைப் பார்த்துச் சொல்லும்படி நிர்வாகசபையினர் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கணக்கு வாத்தியார் அல்லவா. நான் கட்டிலின் ஓரத்தில் இருந்து கொண்டு விமானத்துக்கு ஐந்து மணித்தியாலம், குடிவரவுக்கு ஒன்று, கட்டுநாயக்கவிலிருந்து வேனில் எட்டு என்று கூட்டிச் சொன்னேன். அறையைக் குளிராக்கி வைத்தார்கள். மறுநாள் அஸருக்கு மகனே முன்னின்று தொழுவித்தார். எல்லோருக்கும் மனநிறைவு.

இரண்டு வருடம் கழித்து, 2014 இல், என் உம்மா சுபஹுக்கு முன்பாகக் கண்ணை மூடினார். என் ராத்தா அப்போது றியாதில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். மச்சான் கைவிட்டுப் போனபின் இரண்டு பிள்ளைகளை உம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர். ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றார்கள், அது நீண்டுவிட்டது. நான் அழைப்பெடுத்தேன். அவருடைய ரெலிபோன் அணைத்திருந்தது. அங்கே அப்போது இரவு ஒன்றரை. காத்திருக்கும் நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கணக்குப் போட்டேன். அவர் வெளிக்கிட வேண்டும், விமான நிலையத்துக்கு வேண்டும், மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும், ஐந்து மணித்தியாலப் பயணம், பிறகு வேன். கையில் டிக்கட் இருந்தால்கூடப் பதினெட்டு மணித்தியாலம். முடியாது. ளுஹருக்கு அடக்குவதென்று தீர்மானித்தேன். எவரும் வேறு யோசனை சொல்லவில்லை. உரித்தாளரை எதிர்பார்ப்பதா என்று மௌலவியிடம் கேட்பதற்குக்கூட யாருக்கும் தோன்றவில்லை. டோஹாவுக்கும் றியாதுக்கும் வித்தியாசம் 400 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நான் அதையும் நினைக்கவில்லை.

பத்தரை மணிக்கு ராத்தா எடுத்தார். யாரோ தகவல் அனுப்பி விஷயம் தெரிந்திருந்தது. அழவில்லை. குரல் மட்டும் தணிந்திருந்தது.

"தம்பி, உம்மாவ எத்தின மணிக்கு எடுக்கப் போறீங்க?"

நான் என் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். "ராத்தா, நீங்க இப்ப வெளிக்கிட்டாலும் நாளைக்கு விடிஞ்சிரும். டிக்கட் எடுக்கோணும், கட்டுநாயக்கவில இருந்து எட்டு மணித்தியாலம். மையித்த அவ்வளவு நேரம் வைக்கக்கூடாது ராத்தா" என்று, வகுப்பில் சொல்வதைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அரபியில் ஒரு பெண் குரல் கூப்பிட்டது. "சரி தம்பி" என்றார். அழைப்பு நின்றுவிட்டது.

மையவாடியிலிருந்து திரும்பும்போது ஒருவர் கேட்டார், மகளுக்குச் சொல்லியாயிற்றா என்று. இன்னொருவர் அவருக்கு விடை சொன்னார்: "சொன்னா மட்டும்? அஞ்சு மணித்தியாலத்தில வரலாம். காசுதான் எல்லாருக்கும் பெருசு." நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி எவரிடமும் இதுவரை சொன்னதில்லை. உண்மை என்னவென்றால், என் மனதின் ஒரு மூலையில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வரமுடியாது என்று கணக்குப் போட்டுத் தீர்மானித்தவன் நான். வரவில்லையே என்று குறைப்பட்டவனும் நான். ஒரே கணக்கு இரண்டுக்கும் உதவியது.

ராத்தா 2016 இல் நோன்புக்கு முன் ஊர் வந்தார். கடவுச்சீட்டு முதல் நாளிலிருந்தே எசமானரின் அலுமாரியில் இருந்தது என்றும், நாட்டைவிட்டு வெளியேறக் கபீலின் அனுமதி வேண்டும் என்றும், உம்மாவின் செய்தி கேட்டு அழுததற்கே வீட்டுக்காரி முகம் சுளித்தார் என்றும் சிறிது சிறிதாகச் சொன்னார். கடவுச்சீட்டை எசமானர் வைத்திருப்பது அந்நாட்டு விதிகளுக்கே முரண் என்று பிறகு வாசித்தேன். 2021 மார்ச்சில் அங்கே தொழிற் சீர்திருத்தம் ஒன்று வந்தது. தனியார் துறைத் தொழிலாளர் எசமானரின் சம்மதமின்றி வெளியேறலாம் என்றார்கள். வீட்டுப் பணியாளரை அதற்குள் சேர்க்கவில்லை. றியாதிலிருந்து கொழும்புக்கு ஐந்து மணித்தியாலம் என்பது அந்த அலுமாரிச் சாவியை வைத்திருப்பவருக்குச் சரி. அலுமாரிக்கு வெளியே நிற்பவருக்கு அது எத்தனை மணித்தியாலம் என்று எந்தக் கரும்பலகையில் எழுதுவது? "வாறதுக்குத் தூரம்" என்று அந்தப் பிள்ளை சொன்னது பிழையென்று நான் திருத்தியதும் அப்போதுதான் மீண்டும் உறுத்தியது.

ஆனால் நான் எழுத வந்தது இதுவல்ல. இதைப் பலர் எழுதிவிட்டார்கள்.

ஒரு நாள் பின்னேரம் ராத்தா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து, அன்றைக்கு உங்களுக்காக உம்மாவை வைத்திருக்காமல் விட்டுவிட்டோம் என்று தொடங்கினேன். அவர் சுளகை நிறுத்தாமல் சொன்னார்:

"நான் வரமாட்டன் எண்டு எனக்குத் தெரியுந்தானே. வைக்கச் சொல்லி நான் கேக்கல்லயே தம்பி. எத்தின மணிக்கு எண்டுதான் கேட்டன். அந்த நேரம் நானும் நிண்டு தொழலாம் எண்டு. நீ பஸ்ஸையும் டிக்கட்டையும் சொன்னாய்."

எனக்குப் பேச்சு வரவில்லை. "நீங்க தொழலயா ராத்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"தொழுதன். வேல முடிஞ்சாப் பிறகு. அந்த நேரம் நீங்க அடக்கிட்டு வந்து, சாப்பாடும் முடிஞ்சிருக்கும்."

தூரத்தில் மௌத்தானவருக்குத் தொழும் காயிப் ஜனாஸாவை எங்கள் மத்ஹபு அனுமதிக்கிறது. அபிசீனியாவின் நஜாஷி மன்னர் மரணித்தபோது மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை அணிவகுத்து நிற்கவைத்துத் தொழுவித்ததே அதற்கு ஆதாரம். ஹனபி, மாலிகி மத்ஹபினர் அந்நிகழ்வை அவருக்கே உரிய விசேடமாகக் கொள்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நடுவில் செங்கடல் இருந்தும் அங்கே எவரும் கப்பலைப் பற்றிக் கணக்குப் பார்க்கவில்லை. என் ராத்தாவும் அதைத்தான் செய்ய நினைத்தார். நாலாயிரம் கிலோமீற்றரைக் கடந்து வர அவருக்கு வழியில்லை. எங்களோடு ஒரே நேரத்தில் நிற்க வழி இருந்தது. அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது என்னிடமிருந்து ஒரே ஒரு எண். 'ஒரு மணி' என்று நான் சொல்லியிருந்தால் அவர் பத்தரை என்று தானே கழித்துக்கொண்டிருப்பார். அவர் நேரத்தைக் கேட்டார், நான் தூரத்தைச் சொன்னேன்.

இதில் நான் செய்த பிழை எது என்று திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அடக்கியது பிழையல்ல, அது மார்க்கப்படி சரி, ராத்தாவும் அதையே சொல்கிறார். கணக்கும் பிழையல்ல. பதினெட்டு மணித்தியாலத்துக்குக் குறைந்து எவராலும் வந்திருக்க முடியாது. வரமுடியாதவருக்கு இங்கே வேலையில்லை என்று எடுத்துக்கொண்டேனே, அதுதான் பிழை என்று எனக்குப் படுகிறது. வந்தால் மகள், வராவிட்டால் தகவல் சொல்லவேண்டிய ஒரு முகவரி. விமானம் இந்த மயக்கத்தை நமக்குக் கொடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கப்பல் காலத்தில் வரமுடியாதவர்கள் எல்லோருமே. ஆகவே வராதவருக்கும் வீட்டில் ஓர் இடம் வைத்திருந்தார்கள். இப்போது சிலரால் வரமுடிகிறது. அதனால் வருகை ஒன்றே அன்பின் அளவாகிவிட்டது. டோஹா மகனுக்காக ஊர் இருபத்துநாலு மணித்தியாலம் காத்திருந்ததில் எனக்கு இன்றும் குறையில்லை. அவர் தன் வாப்பாவுக்குத் தொழுவித்தது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அதே நிர்வாகசபை, அதே மௌலவி, அதே கணக்கு வாத்தியார், ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுக்காக இரண்டு நிமிடம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அவருக்கு அந்த அரை நாள் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம். நாங்கள் கேட்டிருக்கலாம்.

மௌலவி நண்பரிடம் இதைக் கதைத்தபோது, சட்டம் ஆள் பார்ப்பதில்லை, நீங்கள்தான் ஆள் பார்த்தீர்கள் என்றார். அவர் சொல்வது சரிதான். எனினும் எனக்கு முழுத் திருப்தியில்லை. ஆள் பார்க்காமலும் ஒருவரை அநியாயம் செய்யலாம். ஐந்தரை மணித்தியாலம் எல்லோருக்கும் ஐந்தரைதானே என்று சொல்லும்போது நாம் ஆள் பார்ப்பதில்லை.

இப்போதும் ஊரில் மௌத்து நேர்ந்தால் விமான நேரம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். 2023 இல் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி மௌத்தானபோதும் போனேன். மகள் குவைத்தில், வீட்டு வேலையில். அவரால் வர இயலாது என்று குடும்பத்தார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, போங்கள் சேர் என்றார் நிர்வாகசபைக்காரர். நான் போகவில்லை. மகளின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு, தொழுகை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வரமாட்டாதவருக்கு அது எதற்கு என்று அவர் கேட்டார். நான் விளக்கம் சொல்லவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பகல் 1.15 என்று அறிவித்தார்கள். நான் அந்தப் பெண்ணுக்கு உங்கள் நேரம் 10.45 என்று எழுதி அனுப்பினேன். மழைக்காலம், எங்கள் பக்கத்து மண்ணில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் கசியும். கப்று இறைத்து முடிய இருபது நிமிடம் பிந்தியது. 11.05 என்று திருத்தி இன்னொன்று அனுப்பிவிட்டுத்தான் ஸப்பில் போய் நின்றேன்.